நரி விற்ற பதினாறு சேனல் மிக்சர்

ஒரு காட்டில் ஒரு நரி யோக்கியமாகப் பிழைத்து வந்தது. இதைக் கேட்டுச் சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம். கதை காத்திருக்கும்.

அந்த நரிக்குக் குணசீலன் என்று பெயர். ஆற்றோரம் நாவல் மரத்தடியில் 'குணசீலன் எலக்ட்ரானிக்ஸ்' என்று ஒரு கடை வைத்திருந்தது. ரேடியோ, டார்ச் லைட், மைக், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் அங்கே கிடைக்கும். ரிப்பேரும் செய்து தரும். அதன் முன்னோர்கள் யாரை எப்படி ஏமாற்றினார்களோ, அதற்குத் தெரியாது. அது பிறந்தது முதல் ஒரு பொய் சொன்னதில்லை. அதனிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஆனால் அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில், அகரம் எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முந்தின நாளே, 'நரி ஏமாற்றும்' என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கணக்கை மறந்த விலங்குகள் உண்டு. அந்தப் பாடத்தை மறந்த விலங்கு ஒன்றுகூட இல்லை. அதனால் கடைக்கு வருகிறவர்கள் நரி சொல்வதைக் கவனமாகக் கேட்டு, அதற்கு நேர் எதிராகச் செய்துவிட்டுப் போவார்கள்.

"கரடியாரே, இந்த டார்ச் லைட் எரியாது. ரிப்பேருக்கு வந்தது" என்று நரி ஒருமுறை சொன்னது. "எனக்கே காது குத்துறியா? நல்ல பொருளை ஒளிச்சு வைக்கப் பாக்குற" என்று கரடி அதையே வாங்கிக்கொண்டு போய், அன்று முதல் இருட்டில்தான் நடமாடியது. "இந்தக் குடையில் ஓட்டை இருக்கிறது" என்றதும் மயில் இரண்டாக வாங்கியது. ஆகவே அந்தக் கடையில் மட்டமான சரக்குதான் முதலில் விற்றுத் தீரும். நல்ல சரக்கெல்லாம் தூசி படிந்து கிடக்கும். நரிக்கு லாபத்தில் குறைவில்லை. மனசுதான் கேட்கவில்லை. ஒரே ஒருவனாவது சரியான பொருளோடு தன் கடைப்படி இறங்கிப் போக வேண்டும் என்று அது ஏங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலாண்டி என்ற முள்ளம்பன்றி கடைக்கு வந்தது. கூடவே அதன் சிநேகிதன் பரஞ்சோதி என்ற காகமும் வந்தது. வேலாண்டி டிரம்ஸ் வாசிக்கும். காகம் பாடும். காகத்தின் பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலாண்டியின் டிரம்ஸ் வேறு விஷயம். அதற்குக் குச்சி தேடி அலைய வேண்டியதே இல்லை. வாசிக்கும்போது ஒரு குச்சி ஒடிந்தால், தாளம் தவறாமல் முதுகிலிருந்து இன்னொரு முள்ளைப் பிடுங்கிக்கொள்ளும்.

"அண்ணாச்சி, டிரம்ஸ் ரெக்கார்ட் பண்ண, மைக்கெல்லாம் சொருகுற மிக்சர் பெட்டி ஒண்ணு வேணும். நம்ம கைக்கு அடக்கமா இருக்கணும். மூணு கூடை வள்ளிக்கிழங்கு வரைக்கும் பாக்கலாம்" என்றது வேலாண்டி.

"திடீர்னு எதுக்குத் தம்பி ரெக்கார்டிங்?"

வேலாண்டி ஒரு மூச்சு விட்டது. முதுகில் இருந்த முள்ளெல்லாம் சாய்ந்தன. முள் ஒன்றில் குத்தி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியது. காட்டு அரசாங்கத்தின் ஒலிப் பிரிவிலிருந்து வந்த நோட்டீஸ் அது. 'மேற்படி விலங்கு மேற்படி பொந்தில் மேற்படி எட்டுப் பொருட்களை மேற்படி குச்சிகளால் பகல் வேளையில் அடித்து, மேற்படி மரத்தில் உறங்கும் ஆந்தையாருக்கு இடையூறு செய்வதாக' என்று அது தொடங்கியது.

"ஆபீசுக்குப் போய்க் கேக்க வேண்டியதுதானே?" என்றது நரி.

"போனேன் அண்ணாச்சி. எனக்கு முன்னாடி வரிசையில ரெண்டே பேருதான். சாயங்காலம் ஆயிடுச்சு."

ஒலிப் பிரிவின் அலுவலர் தையல்நாயகி அம்மாள் என்ற ஆமை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்ததால் அந்தக் காட்டில் அவருக்கு மட்டும் 'அவர்' மரியாதை. அவர் வேலாண்டியிடம் சட்டத்தை விளக்கிச் சொல்லியிருந்தார். பதிவு செய்யப்பட்டால் அது இசை. பதிவு செய்யப்படாவிட்டால் இரைச்சல். பதிவும் சும்மா இருந்தால் போதாது. எட்டு வாத்தியம் என்றால் எட்டும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அவரே பொந்துக்கு நேரில் வந்து சோதிப்பார். சரியாக இல்லையென்றால் டிரம்ஸ் பறிமுதல்.

"பறிமுதல் பண்ணி?"

"யானைக் கொட்டடியில தண்ணித் தொட்டியா வைப்பாங்களாம்" என்றது வேலாண்டி. "என் பெரிய டிரம்முல, அண்ணாச்சி, யானை தும்பிக்கையை விட்டு உறிஞ்சும்."

இந்த முள்ளம்பன்றிக்குச் சரியான பொருளைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று நரி அங்கேயே முடிவு செய்தது. உள்ளே போய் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தது. மூன்றாவதாக அலமாரியில் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையைக் கேட்டுச் சிங்கமே 'தவணையில் தருவாயா' என்று விசாரித்துவிட்டுப் போயிருந்ததால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மேசைமேல் இருந்த முதல் பெட்டி பெரியது. பளபளவென்று கறுப்பு. நெற்றியில் தங்க எழுத்தில் '16' என்று எழுதியிருந்தது. திருகும் குமிழ்களே நூறுக்கு மேல் இருக்கும். சுவிட்சைப் போட்டால் நீலமும் சிவப்புமாகத் திருவிழா மாதிரி விளக்கு ஓடும். இரண்டாவது பெட்டி சின்னது. சாம்பல் நிறம். தவளைக் கச்சேரிக் குழு ஒன்று இரண்டு மழைக்காலம் பயன்படுத்திவிட்டு விற்றது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் ஃபேடர்களில் ஒன்று கொஞ்சம் இறுக்கம். அழுத்தித் தள்ள வேண்டும். விளக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் மங்கல். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். மூன்று கூடை.

"தம்பி, நல்லாக் கேளுங்க" என்று நரி சின்னதின்மேல் கையை வைத்தது. "உங்களுக்கு எத்தனை மைக் வேணும்? கிக்குங்கிற பெரிய டிரம்முக்கு ஒண்ணு, ஸ்நேருக்கு ஒண்ணு, மூணு டாமுக்கு மூணு, ஹை-ஹேட்டுக்கு ஒண்ணு, ரெண்டு சிம்பல் தட்டுக்கு ரெண்டு. ஆக எட்டு. இந்தச் சின்னதுல மைக் சொருகுற ஓட்டை எட்டு இருக்கு. கம்ப்யூட்டருக்கும் எட்டையும் தனித்தனியா அனுப்பும். தவளைங்க எட்டுப் பேரும் 'என் குரல் தனியாத் தெரியணும்'னு சண்டை போட்டு வாங்கினது இது. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப இந்தப் பெரிசு?" என்று காகம் கேட்டது. அதன் கண் விளக்குகளிலேயே இருந்தது.

"அதுல பதினாறு சேனல்னு போட்டிருக்கு. ஆனா மைக் சொருகுறது நாலே நாலுதான். மிச்சப் பன்னிரண்டும் கீபோர்டு, டேப் மாதிரி சாமானுக்கு. மைக்கைச் சொருகினா ஏறாது. அப்புறம் அது எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கி, இடது வலதுன்னு ரெண்டு தடமாத்தான் அனுப்பும். கல்யாண வீட்டுல பாட்டுப் போட நல்ல பெட்டி. டிரம்ஸ் ரெக்கார்டிங்குக்கு ஆகாது."

வேலாண்டி தலையைச் சொறிந்தது. காகம் அதன் காதோரம் குனிந்து, கடை முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசியது.

"மாப்ளே, நரி எதைத் தள்ளிவிடப் பாக்குது?"

"சின்னதை."

"எதை வேணாம்னு சொல்லுது?"

"பெரிசை."

"அப்ப எதை வாங்கணும்?"

வேலாண்டி யோசித்தது. "பெரிசை."

"பின்னே? இதுக்கு என்னைக் கூட்டிட்டு வரணுமா?"

"தம்பி, என் பேச்சை நம்ப வேணாம்" என்று நரி கெஞ்சியது. ஒரு மைக் ஒயரை எடுத்து நீட்டியது. "நீங்களே சொருகிப் பாருங்க. அஞ்சாவது ஓட்டையில ஏறுதான்னு பாருங்க."

வேலாண்டி கையை நீட்டியது. காகம் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டியது.

"சொருகாதே! சொருகிப் பாக்கச் சொல்லுதுன்னா அதுலதான் ஏதோ இருக்கு. உன்னைச் சொருக வெச்சு, 'ஏறலையா, அப்ப சின்னதை எடுத்துக்கோ'ன்னு சொல்லும். நான் எத்தனை நரியைப் பாத்திருக்கேன்!"

"எத்தனை நரியைப் பாத்திருக்க?" என்று வேலாண்டி கேட்டது.

"இது ஒண்ணைத்தான். ஆனா நல்லாப் பாத்திருக்கேன்."

நரி ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டியது. "எண்ணிக்கையில கெட்டி, பாத்தியா" என்றது காகம். பெட்டியோடு வந்த கையேட்டை நரி பிரித்துப் படித்துக் காட்டியது. "பொய்யை அச்சடிச்சே வெச்சிருக்கு" என்றது காகம். கடைசியில் நரி ஓய்ந்து போய் பில்லில், 'மைக் ஓட்டை நான்கு மட்டுமே. எடுத்துச் சொல்லியும் வாங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

"பில்லுல கூட பொய்!" என்று காகம் வியந்தது. இருவரும் பதினாறு சேனலைத் தலையில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் புதன்கிழமை நரி சாப்பிடவில்லை. மத்தியானம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து டிரம்ஸ் சத்தம் வந்தது. வேலாண்டி பழகிக்கொண்டிருந்தது. முதலில் பெரிய டிரம் தும் தும் என்று மெதுவாக நடந்து வந்தது. அதன் பின்னாலேயே ஸ்நேர் குறும்பாக ஓடி வந்தது. பிறகு மூன்று டாமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டன. நரி கடை வாசலில் நின்று பார்த்தது. நாவல் மரத்து அணில்களின் வால்கள் ஒரே தாளத்தில் ஆடின. தண்ணீர் குடிக்க வந்த மான் குடிக்க மறந்து குளம்பைத் தட்டியது. நாவல் பழங்கள்கூடத் தாளத்துக்கு ஒன்று ஒன்றாக விழுவதாக நரிக்குப் பட்டது. பார்த்தால் நரியின் சொந்த வாலே ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, நரி யோசித்தது. இந்த டிரம்மிலா யானை தண்ணீர் குடிக்க வேண்டும்?

இந்த முள்ளம்பன்றிக்கு நான் உண்மை சொன்னால் எதிராகச் செய்யும். அப்படியானால் பொய் சொன்னால்?

அதன் வாழ்நாளில் வராத யோசனை. ஆனாலும் வியாழக்கிழமை காலையில் நரி ஒரு சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து ஒத்திகை தொடங்கியது. "பெரிசுதான் நல்லது" என்று சொன்னதும் கண்ணாடியில் இருந்த நரி அசடு வழிந்தது. இன்னொருமுறை சொன்னது. மூக்கு வேர்த்தது. பத்தாவது தடவையில்தான் குரல் நடுங்காமல் வந்தது.

அதே வேளையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலாண்டியின் பொந்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நரிக்கு அது தெரியாது. எட்டு மைக்கில் நாலு மைக்தான் பெட்டியில் ஏறியது. காகம் மற்ற நாலையும் கீபோர்டு ஓட்டையில் நுழைக்கப் பார்த்து, அலகால் தட்டி, காலால் உதைத்து, கடைசியில் பெட்டியையே திட்டியது. பதிவைக் கேட்டால் தகரக் கூரையில் யாரோ புளியங்கொட்டையைக் கொட்டிய மாதிரி இருந்தது. வேலாண்டி பில்லை எடுத்து மறுபடி படித்தது. 'மைக் ஓட்டை நான்கு மட்டுமே.'

"மச்சான்," என்றது வேலாண்டி, "அது பொய் சொல்லலை."

"இது புது மாதிரித் தந்திரமா இருக்கும்" என்று காகம் முனகியது.

"தந்திரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. இனிமே அந்த அண்ணாச்சி என்ன சொன்னாலும் நான் அப்படியே நம்பப் போறேன். நீ வாயைத் திறந்தா ஒரு முள்ளு உனக்கு."

இப்படி ஒருவன் நம்புவது என்று முடிவு செய்துகொண்டு வந்தான். ஒருவன் பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு காத்திருந்தான். இருவரும் வியாழக்கிழமை உச்சி வேளையில் நாவல் மரத்தடியில் சந்தித்தார்கள்.

வேலாண்டி வாயைத் திறப்பதற்குள் நரி முந்திக்கொண்டது. ஒத்திகை மறந்துவிடும் என்று அதற்குப் பயம்.

"தம்பி! செவ்வாய்க்கிழமை நான் சொன்னதெல்லாம் தப்பு! பெரிசுதான் நல்லது. உலகத்துலேயே டிரம்ஸுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது! ஒண்ணு போதலையா, இன்னொண்ணு வாங்குங்க! இந்தச் சின்னதை மட்டும் தொட்டுடாதீங்க. இது குப்பை! தவளை உபயோகிச்ச ஈரப் பெட்டி! இதை வாங்குறவன் உருப்பட மாட்டான்!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கியது. சின்ன பெட்டியை வேலாண்டியின் கைக்கு எட்டும்படி மேசை ஓரத்துக்கு நகர்த்தியும் வைத்தது. காகம் எதிராகத்தானே சொல்லும், முள்ளம்பன்றி அதைத்தானே கேட்கும் என்று காத்திருந்தது.

வேலாண்டியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"இன்னொண்ணு வாங்கணுமா! அட, ஆமா! நாலும் நாலும் எட்டு! இது எனக்குத் தோணலையே!"

"தம்பி..."

"மன்னிச்சிடுங்க அண்ணாச்சி. உங்களை நம்பாமப் போனது என் தப்பு. இப்ப நம்புறேன். இந்தக் காட்டுல வேற யார் நம்பாட்டியும் நான் நம்புறேன்" என்று வேலாண்டி பாய்ந்து நரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

முள்ளம்பன்றி கட்டிப்பிடித்தால் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. நரிக்கு உடம்பில் பதினேழு இடத்தில் குத்தியது. ஆனால் அது கத்தவில்லை. 'நம்புறேன்' என்று அதனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அம்மாகூடச் சொன்னதில்லை, அவளும் ஒன்றாம் வகுப்புப் படித்தவள்தான். முதன்முதலாக ஒருவன் நம்பினான். அந்த முதல் தடவை பார்த்தா வாயிலிருந்து பொய் வர வேண்டும்? இரண்டு பெரிய பெட்டி சேர்ந்தாலும் இடது வலது, இடது வலது என்று நாலு தடம்தான் வரும், எட்டு வராது என்று சொல்ல நரி வாயைத் திறந்தது. அந்தச் சொல் இன்னும் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டது.

"விலை எதுவும் வேணாம் தம்பி, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிப் பார்த்தது.

"பாத்தியாடா மச்சான், எப்பேர்ப்பட்ட மனசு!" என்ற வேலாண்டி, மழைக்காலத்துக்கென்று புதைத்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் தோண்டிக்கொண்டு வந்து மூன்று கூடை நிறைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பதினாறு சேனலைத் தூக்கிக்கொண்டு போனது. காகம் மட்டும் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பேசவில்லை. முள்ளுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை உச்சி வரைக்கும் தயங்கிக்கொண்டிருந்த நரி சட்டென்று எழுந்தது. இனி ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று சின்ன பெட்டியைத் துடைத்து, தலையில் வைத்துக்கொண்டு, அதிகாரி வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓடியது. ஆமை அம்மாள் எப்போதும் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அன்று பார்த்து, உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, நேரத்துக்கு வந்திருந்தார்.

பொந்துக்கு வெளியே கூட்டம். எட்டு வாத்தியமும் வரிசையாக நின்றன. இரண்டு கறுப்புப் பெட்டிகளும் திருவிழா விளக்கோடு மினுங்கின. பறிமுதல் செய்தால் தூக்கிப் போக ஒரு யானை தயாராக நின்றது. அதற்கு இப்போதே தாகம் வந்துவிட்ட மாதிரி பெரிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. மேல் கிளையில் புகார் கொடுத்த ஆந்தை அரைக்கண்ணில் உட்கார்ந்திருந்தது.

"பதிவைப் போடுங்கள்" என்றார் ஆமை அம்மாள்.

வேலாண்டி பதிவைப் போட்டது. இந்தத் தடவை இரண்டு கூரையில் புளியங்கொட்டை விழுந்தது. ஆமை அம்மாள் ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை முழுவதும் நீட்டிக் கேட்டார்.

"இதில் எத்தனை வாத்தியம்?"

"எட்டும்மா" என்றது வேலாண்டி.

"எனக்கு மழை பெய்கிற மாதிரி கேட்கிறது."

"எனக்கும்தான்" என்று ஆந்தை மேலிருந்து குரல் கொடுத்தது. "இது தனித்தனியா பதியலை. எல்லாம் கலந்த இரைச்சல். எழுதிக்குங்க அம்மா."

ஆமை அம்மாள் படிவத்தைப் புரட்டினார். 'எட்டும் தனித்தனியாகப் பதிவாகியுள்ளனவா: ஆம் / இல்லை' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். 'இ' என்று எழுதத் தொடங்கினார். அவர் எழுதுகிற வேகத்துக்கு 'ல்' வருவதற்கு நேரம் இருந்தது. யானை ஓர் அடி முன்னால் வைத்தது. வேலாண்டி பெரிய டிரம்மின்மேல் படுத்துக் கட்டிக்கொண்டது.

நரிக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் வந்து நின்றது.

"அம்மா, முள்ளம்பன்றி மேல தப்பில்லை! தப்பு என்னோடது! நான்தான் பொய் சொல்லி இந்தப் பெட்டியை வித்தேன். இதுல எட்டு தனித்தனியா பதியாது. பதியவே பதியாது. ஆந்தையார் சொல்றது நிஜம். என்னைத் தண்டிச்சுடுங்க. சரியான பெட்டி இதோ என் தலையில இருக்கு, அவனுக்கு ஒரு நாள் தவணை கொடுங்க!"

வேலாண்டி டிரம்மின்மேல் படுத்தபடியே நரியைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் நரிக்குப் பதினேழு முள்ளையும்விட ஆழமாகக் குத்தியது.

ஆமை அம்மாள் பேனாவை நிறுத்தினார்.

"யார் நீ?"

"குணசீலன், அம்மா."

"பெயரைக் கேட்கவில்லை. இனம்?"

"நரி."

"நரி" என்று ஆமை அம்மாள் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். "சுற்றறிக்கை நாற்பத்தொன்று. நரி சாட்சி சொன்னால், அதைத் தலைகீழாகப் பதிவு செய்ய வேண்டியது. நீ என்ன சொன்னாய்? பதியாது என்றாயா?"

"பதியாதும்மா."

"நிச்சயமாகப் பதியாதா?"

"சத்தியமாப் பதியாது!"

"அப்படியானால் சத்தியமாகப் பதிந்திருக்கிறது" என்றார் ஆமை அம்மாள். பாதி எழுதிய 'இ'யை அழகாக அடித்துவிட்டு, 'ஆம்' என்று எழுதினார்.

"அம்மா! நரி உண்மையைச் சொல்லுது!" என்று ஆந்தை அலறிக்கொண்டு கிளையிலிருந்து கிட்டத்தட்ட விழுந்தது. "நானும் அதையேதானே சொன்னேன்!"

ஆமை அம்மாள் கழுத்தை மெதுவாக மேலே திருப்பினார். "அதாவது, நீங்களும் நரியும் சொல்வது ஒன்று?"

"ஒண்ணேதான்!"

"நல்லது" என்று அவர் ஆந்தையின் புகார் மனுவை எடுத்து, அதன் ஓரத்திலும் 'நரி' என்று எழுதி, தலைகீழாகத் திருப்பி, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார். பிறகு படிவத்தில் முத்திரை குத்தினார். டொம் என்று குத்திய அந்த முத்திரைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வேலாண்டி எழுந்தது.

அதன்பின் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. வேலாண்டி முதுகிலிருந்து இரண்டு முள்ளைப் பிடுங்கி அடித்த அடியில் காடே குதித்தது. அணில்கள் மரத்திலிருந்து தாளத்தோடு கொட்டின. மான் கூட்டம் வட்டம் போட்டது. தொட்டி தூக்க வந்த யானை தும்பிக்கையைச் சுழற்றிக்கொண்டு நாலு காலிலும் ஆடியது. ஆமை அம்மாள் ஓட்டுக்குள் போய்விட்டார். ஆனால் ஓடு ஆடியது. காகம் பாடியது, அதையும் ஒருவரும் நிறுத்தவில்லை. ஆந்தைகூட, தூக்கம் எப்படியும் போய்விட்டது என்று, ஒரு காலைத் தட்டியது.

நரி மட்டும் நடுவில் சின்ன பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றது. பாட்டு முடிந்ததும் வேலாண்டியும் காகமும் அதனிடம் ஓடி வந்தார்கள்.

"அண்ணாச்சி!" என்று காகம் அதன் காலில் விழாத குறையாகக் கத்தியது. "என்னா மூளை! என்னா மூளை! நீங்க உண்மை மாதிரி சொன்னா அந்தம்மா தலைகீழா எழுதும்னு கணக்குப் போட்டு வந்தீங்க பாருங்க! ஆந்தையையும் கூடச் சேர்த்துக் கவுத்தீங்க பாருங்க! மாப்ளே, நான் அப்பவே சொன்னேனா இல்லையா? நரி நரிதான்!"

"நான் நிஜத்தைத்தான் சொன்னேன்" என்றது நரி. "அதுல நாலு மைக்தான் ஏறும். எட்டு பதியாது. மனசு கேக்காம வந்தேன்."

காகம் சிரித்துச் சிரித்துத் தரையில் புரண்டது. வேலாண்டியும் முள் குலுங்கச் சிரித்தது. "இன்னமும் விடாம நடிக்குறீங்க பாருங்க அண்ணாச்சி! எங்ககிட்டயுமா?" என்று சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது. "சொல்லுங்க. எல்லாம் உங்க திட்டம்தானே?"

நரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. டிரம்ஸ் பத்திரமாக வெயிலில் நின்றிருந்தது. யானை வெறுங்கையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா" என்றது நரி. "எல்லாம் என் திட்டம்தான்."

அதை இருவரும் உடனே நம்பினார்கள்.

திங்கட்கிழமை காலையில் நாவல் மரத்தடியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் வரிசை நின்றது. எல்லாருக்கும் பதினாறு சேனல் மிக்சர்தான் வேண்டும், அதுவும் இரண்டாக. நரி ஒவ்வொருவரிடமும், "இதுல மைக் ஓட்டை நாலுதான்" என்று பொறுமையாகச் சொன்னது. ஒவ்வொருவரும் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரிசையில் மூன்றாவதாக ஒலிப் பிரிவு அலுவலர் தையல்நாயகி அம்மாள் நின்றிருந்தார். அவர் முந்தின நாளே புறப்பட்டு வந்தவர்.

நீதி: உண்மையைத் தாராளமாகப் பேசலாம், நம்மை யாரும் நம்புவதில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.